எட்டாம் வகுப்பின் கிழக்குச் சுவர்

ஏற்காடு
12.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மாதாவின் துணையும் பொங்கலின் இனிப்பும் உங்கள் வீட்டில் நிறையட்டும். இங்கே பனி இன்னும் விலகவில்லை. எழுபது வயதுக்கு என் மூச்சும் கால்களும் ஒழுங்காகவே வேலை செய்கின்றன. உங்கள் முழங்கால் எப்படி? காதுக்கு மெஷின் வைக்கலாம் என்று சொன்னதற்கு, "அரக்கோணத்து ரயில் சத்தத்தைப் பெரிசாக்கிக் கேட்கவா?" என்று நீங்கள் கேட்டதாக உங்கள் மகள் ஷெர்லின் போனில் சொல்லிச் சிரித்தாள். நமக்கு எப்படியும் கடிதம் இருக்கிறது.

ஒரு காரியமாக எழுதுகிறேன். டிசம்பர் மழையில் நம் பள்ளிக்கூடத்தின் கிழக்குச் சுவரில், அதாவது நீங்கள் முப்பது வருடம் பாடம் நடத்திய எட்டாம் வகுப்பறையில், ஒரு விரிசல் விட்டிருக்கிறது. சுண்டுவிரல் நுழையும் அளவு. உடனே கல்விச் சங்கத்தின் செயலாளர் பிள்ளைகள் நூற்று நாற்பத்து மூன்று பேரையும் வெளியேற்றிவிட்டார். செயலாளர் யாரென்று நினைக்கிறீர்கள்? உங்களிடம் எட்டாவது படித்த ஆண்டனி ராஜ்தான். பாதிப் பிள்ளைகள் சமுதாயக் கூடத்தில், மீதிப் பேர் அதன் பின்னால் போட்ட தகரக் கொட்டகையில்.

சேலத்திலிருந்து லோகேஷ் என்ற இளம் பொறியாளர் வந்து பார்த்தார். அவர் சொன்னது தெளிவான பேச்சு. "இது இந்த மழையில விழுந்த புது விரிசல்னா, கம்பி வெச்சுத் தைச்சுப் பூசிக் கட்டடத்தைக் காப்பாத்திடலாமுங்க. பழைய விரிசல், வருஷா வருஷம் நகருதுன்னா, இடிக்கறதைத் தவிர வழி இல்லீங்க." ஆண்டனி ராஜ் பழையது என்கிறான். நான் புதியது என்கிறேன். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தது எண்பத்தொன்றில். முப்பத்திரண்டு வருடத்தில் அந்தச் சுவரில் ஒரு கீறல் பார்த்ததில்லை.

ஆண்டனி ராஜுக்கு ஏன் இந்த அவசரம்? பள்ளியை ஒட்டிய லாட்ஜ் அவன் மைத்துனனுடையது. அங்கே கார் நிறுத்த இடமில்லை. வகுப்பில் என்றும் பேசாதவன் ஒரு நாள் மட்டும் முந்திக்கொண்டு கை தூக்கினால், விடையைக் கேட்கும் முன் அவன் மடியில் என்ன விரித்து வைத்திருக்கிறான் என்று பார்ப்பேன். அதே புத்திதான் இப்போதும்.

சங்கம் மே மாதம் கூடி முடிவு செய்யும். அதற்குள் கட்டடத்தின் வரலாற்றை ஆதாரத்தோடு எழுதிக் கொடுக்கப் போகிறேன். மச்சான் இருபத்திரண்டு வருடம் அங்கே தலைமையாசிரியர். அவர் வைத்துப்போன காகிதம், போட்டோ ஏதாவது உங்கள் பெட்டியில் இருந்தால் அனுப்புங்கள்.

உங்கள் மருந்தை வேளைக்குச் சாப்பிடச் சொல்லும்
தம்பி ஸ்தனிஸ்லாஸ்

*

அரக்கோணம்
03.02.2025

தம்பி தனிசுக்கு,

நீயும் வீட்டிலுள்ளவர்களும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். என் முழங்கால் மாடிப்படியை மட்டும்தான் வெறுக்கிறது. சமதரையில் சண்டை இல்லை.

போட்டோ ஒன்று இருந்தது, இத்துடன் வைத்திருக்கிறேன். உயர்நிலைப் பள்ளியாக அங்கீகாரம் கிடைத்த வருஷம் எடுத்தது. மச்சான் நடுவில். பின்வரிசையில் ரெட்டை ஜடை போட்ட பெண் வாழவந்தி ஊர் பழனியம்மாள். வேறு காகிதம் எதுவும் கண்ணில் படவில்லை.

உனக்கு எதற்குக் கண்ணு இந்த வேலை? பெஞ்சன் வருகிறது, தோட்டத்தில் நாலு மிளகுக் கொடி இருக்கிறது. கட்டடம் யாருக்கும் சொந்தமில்லை. படித்தவர்கள் படித்துவிட்டுப் போய்விட்டார்கள். எழுதித்தான் தீருவேன் என்றால் வீட்டில் உட்கார்ந்து எழுது. பழைய எட்டாம் வகுப்புக்குள் போய் உட்காராதே. அந்தப் பக்கம் குளிர் அதிகம், உனக்கு ஆகாது.

நேரத்துக்கு வெந்நீர் குடி.

அக்கா

*

ஏற்காடு
16.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் அனுப்பிய போட்டோவைக் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டேன். அதில் மச்சானின் கோட்டைப் பார்த்து என் மனைவி சிரித்தாள். யாரிடமோ இரவல் வாங்கியதாம். உங்களிடம் உறுதி செய்யச் சொன்னாள். மூட்டு வலிக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடுங்கள் என்றும் சொன்னாள்.

இப்போது கேளுங்கள். மச்சான் கைப்பட எழுதிய லாக் புக் கிடைத்துவிட்டது! பள்ளியில் அன்றன்று நடந்ததைத் தலைமையாசிரியர் எழுதி வைப்பது. பழைய ப்யூன் கோவிந்தராஜைக் கூட்டிக்கொண்டு போனேன். அலுவலக அறையில் புதுப் பூட்டு.

"ஏனுங்க சார், சாவி செக்ரட்டரிகிட்டத்தானுங்க இருக்குது. மழைக்கு அப்புறம் அவரேதான் பூட்டு மாத்துனாரு."

"ப்யூன்கிட்ட ஒரு சாவி இருக்கணுமே?"

"இருந்துச்சுங்க. வாங்கிட்டாருங்க. இருபத்தாறு வருஷம் மணியடிச்சவனைத் திருடனாட்டம் பாத்தா நொம்ப வருத்தமா இருக்குதுங்க."

கடைசியில் ஆண்டனி ராஜே வந்து திறந்துவிட்டு, நான் எடுக்கும்வரை கதவில் சாய்ந்து நின்றான். எதையோ எதிர்பார்த்து நிற்பவன் மாதிரி.

வீட்டுக்கு வந்து வருடம் வருடமாகப் புரட்டினேன். 1978 ஜனவரி 28 வரை வரிசையாக இருக்கிறது. அடுத்த பக்கம் பிப்ரவரி 9. நடுவில் இரண்டு தாள் இல்லை. கிழிந்து போகவில்லை அக்கா, பிளேடு வைத்து அடியோடு சுத்தமாக வெட்டியிருக்கிறார்கள். புதுப் பூட்டு எதற்கென்று இப்போது புரிகிறதா? கட்டடம் உறுதியாக இருப்பதாக எந்த அதிகாரியோ எழுதிய குறிப்பு அதில் இருந்திருக்கும். அவனுக்கு அது இடைஞ்சல்.

அந்த இரண்டு வாரத்தில் பள்ளியில் என்ன நடந்தது? நான் அப்போது ஆத்தூரில் வேலை பார்த்தேன். நீங்கள் உள்ளேயே இருந்தவர். நினைவைக் கொஞ்சம் கிளறிப் பார்த்து எழுதுங்கள்.

உங்கள் பதிலுக்குத் தபால்காரரை வாசலில் நிறுத்திக் கேட்கும்
தம்பி

*

ஏற்காடு
09.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. ஷெர்லினிடம் கேட்டேன். "அம்மா நல்லாத்தான் இருக்காங்க மாமா, உங்க லெட்டர் வந்த அன்னிக்கே படிச்சாங்க" என்றாள். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றால் சந்தோஷம். கைதான் சோம்பல் படுகிறதோ?

கட்டடத்தை இடிக்கக் கூடாது என்று நான் எழுதிய மனுவில் முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. அதில் பாதி பழனியம்மாள் வாங்கிக் கொடுத்தது. அங்கன்வாடியில் ஓய்வு பெற்றும் அவள் கால் ஓயவில்லை. நாகலூர் எஸ்டேட் லைன் வீடுகளுக்கெல்லாம் நடந்தே போனாள். அவள் பேத்தி சௌமியா இப்போது ஏழாவது, ஜூனில் எட்டாவது.

"கொட்டாயில மழை அடிச்சா வாத்தியார் பேசறது புள்ளைங்களுக்குக் கேக்கறதில்லீங்க சார். கட்டடத்துக்குள்ள அனுப்பச் சொல்லுங்க, நான் யாருகிட்ட வேணா வந்து பேசறேன்," என்றாள்.

பஜாரில் ஆண்டனி ராஜ் எதிரே வந்தான். டீக்கடையில் நாலு பேர் கேட்கும்படி, "சார், அது உங்க மச்சான் கட்டிக் குடுத்த ஊடுன்னு நெனச்சிட்டீங்களா? பள்ளிக்கூடமுங்க!" என்றான்.

"உன் மைத்துனன் கார் ஷெட்டுன்னு நீ நினைக்காம இருந்தா சரி சாமி," என்றேன்.

கடையில் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. போன வாரம் லாட்ஜ் ஆட்கள் இருவர் பள்ளிக்குப் பின்னால் டேப் வைத்து அளந்ததைக் கோவிந்தராஜ் கண்ணால் பார்த்திருக்கிறான்.

வரலாற்றில் மச்சானைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பிடிக்கும்: "ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் விடுமுறையில் தலைமையாசிரியர் ஏசுராஜ் அவர்கள் கூலிக்கு ஆள் வைக்காமல், தம் மனைவியோடு சேர்ந்து எட்டாம் வகுப்பின் கிழக்குச் சுவருக்குத் தாமே சுண்ணாம்பு அடித்தார். கட்டடத்தை நேசிப்பது எப்படி என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு உண்டா?"

பதில் எழுதுங்கள்.

தம்பி

*

அரக்கோணம்
23.03.2025

தம்பி தனிசுக்கு,

உங்கள் எல்லோருக்கும் தவக்காலத்தின் அமைதி கிடைக்கட்டும். எனக்குச் சளி, வேறொன்றுமில்லை. கோட்டு இரவல்தான். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டருடையது.

சுண்ணாம்பு அடித்ததை எழுதாதே. மச்சானுக்குப் பிடிக்காது. அந்தப் பத்தியை எடுத்துவிடு.

எழுபத்தெட்டில் என்ன நடந்தது என்று கேட்டால் எனக்கு என்ன தெரியும்? நாற்பத்தேழு வருஷம் ஆகிவிட்டது. பாடம் நடத்தினேன், வீட்டுக்கு வந்தேன், சமைத்தேன். ஆண்டனி ராஜை ரொம்பவும் பேசாதே. சின்ன வயதில் அவன் பொய் சொன்னதில்லை.

நீ ஒன்றை எழுதவில்லை. உன் பக்கம் ஜெயித்தால் பிள்ளைகள் என்றைக்குத் திரும்ப உள்ளே போவார்கள்? எட்டாம் வகுப்பு அதே அறையில்தானா? தேதியோடு எழுது.

அக்கா

*

ஏற்காடு
06.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சளி இறங்கியதா? துளசியும் மிளகும் போட்டுக் காய்ச்சிக் குடியுங்கள். மிளகு நம் தோட்டத்தினது, தனி பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

நீங்கள் கேட்ட தேதி: சங்கக் கூட்டம் மே 4, ஞாயிற்றுக்கிழமை. என் வரலாற்றை ஒப்புக்கொண்டால் விரிசலைப் பூசிவிட்டு ஜூன் 2-ஆம் தேதி பள்ளி திறக்கும்போது பிள்ளைகள் பழையபடி உள்ளே போவார்கள். ஆம், எட்டாம் வகுப்பு அதே அறையில்தான். லோகேஷும், "சார் முப்பது வருஷம் இருந்தவரு, அவரு புதுசுன்னு எழுத்துல குடுத்தா நானும் ஒத்துக்கறேனுங்க" என்று சொல்லிவிட்டார்.

இனி எழுதுவதை எப்படி எழுதுவதென்று இரண்டு நாள் யோசித்தேன்.

சமையலறையில் நேற்று வெட்டிய வாழைத்தண்டையும் இன்று வெட்டியதையும் பக்கத்தில் வைத்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும் எது பழசென்று. காகிதமும் அப்படித்தான். லாக் புக்கை வெயிலில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். வெட்டுப்பட்ட தாளின் அடிவிளிம்பு மற்ற தாள்களைப் போலவே பழுப்பு. ஓரத்தில் பூச்சி அரித்த ஒரு துளை வெட்டின் குறுக்கே ஓடி அடுத்த பக்கத்துக்குப் போகிறது. புது வெட்டென்றால் விளிம்பு வெளுப்பாக இருக்கும். இந்தத் தாள்கள் போன டிசம்பரில் வெட்டப்படவில்லை. வெட்டியபோது ஆண்டனி ராஜ் பிறந்திருப்பானோ என்னவோ.

இத்தனை வாரம் ஒருவனைத் தவறாகச் சந்தேகப்பட்டேன் என்பது ஒரு பக்கம். சந்தேகம் அதோடு முடியவில்லை, இடம்தான் மாறியது. 1978-இல் அந்தப் புத்தகம் இருந்த அலமாரிக்கு ஒரே சாவி. அது யார் சட்டைப் பையில் இருந்ததென்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் கேட்பது ஒரே கேள்வி. அந்தத் தாள்களில் என்ன இருந்தது?

தம்பி

*

அரக்கோணம்
17.04.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஷெர்லின் எழுதுகிறேன். அத்தையும் நீங்களும் நலம்தானே? போனில் பேசினால் அம்மா என் வாயைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொள்கிறார்கள். அதனால் ஆஸ்பத்திரி டியூட்டியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அம்மாவுக்கு என்ன எழுதினீர்கள்? உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. தினமும் காலையில் ஒரே கேள்வி: "ஜூன் ரெண்டுக்கு எத்தனை நாள் இருக்குது?" நேற்று அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து மடியில் எதையோ வைத்துக்கொண்டு இருந்தார்கள். நான் உள்ளே போனதும் மூடிவிட்டார்கள். "என்னம்மா அது?" என்றால், "உங்கப்பன் சொத்து" என்கிறார்கள். அப்பாவுக்கு ஏது மாமா சொத்து?

எதுவாக இருந்தாலும் கொஞ்சம் மெதுவாகக் கேளுங்கள். அவருக்கு எழுபத்தெட்டு வயது.

உங்கள் ஷெர்லின்

*

ஏற்காடு
22.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உயிர்ப்பு விழாவுக்கு உங்களுக்காகவும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். சாப்பிடாமல் இருக்க வேண்டாம். இட்லியாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று மதியம் லோகேஷோடு எட்டாம் வகுப்புக்குள் போனேன். விரிசலின் ஓரத்தில் கொத்துக் கரண்டியால் சுண்ணாம்பைச் சுரண்டச் சொன்னேன். காய்ந்த ரொட்டி மாதிரி அடுக்கடுக்காகப் பெயர்ந்தது. மூன்றாவது அடுக்கில் ஏதோ மின்னியது. ஒரு கண்ணாடித் துண்டு. விரல் நீளம், விரிசலுக்குக் குறுக்கே இரண்டு முனையிலும் சிமெண்டு வைத்து ஒட்டியது. நடுவில் உடைந்திருந்தது. அதற்குக் கீழ் அடுக்கில் இன்னொன்று. அதுவும் உடைந்தது. இன்னும் ஆழத்தில் கிடைத்த ஒன்றில் ஆணியால் கீறிய தேதி: 24-12-83. அந்த எட்டை இரண்டு வட்டமாகப் போடுகிறவர் உலகத்தில் ஒருவர்தான்.

லோகேஷ் விளக்கினார். "சுவர் நகருதான்னு பாக்க இப்படித்தானுங்க ஒட்டுவாங்க. நகரலேன்னா கண்ணாடி அப்படியே இருக்கும். நகந்தா ஒடஞ்சிடும். இவரு ஒவ்வொரு வருஷமும் ஒடஞ்சதுக்கு மேல பூசி, புதுசு ஒட்டியிருக்காரு. யாருங்க சார் இவரு?"

தெரியாது என்றேன்.

நான் கட்டட நேசத்துக்கு எடுத்துக்காட்டு என்று எழுதிவைத்த சுண்ணாம்பு இது. நாற்பத்தைந்து பிள்ளைகளை அந்தச் சுவரின் அடியில் உட்கார வைத்துவிட்டு, உடைந்த கண்ணாடியைப் பதினெட்டு வருடம் மறைத்த ஒருவரைத்தான் நான் மச்சான் என்று கூப்பிட்டேனா? தாளை வெட்டியதும் அவர்தானா? அவர் இப்படிச் செய்வார் என்று என்னால் நம்ப முடியவில்லை. நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

விடை எனக்கே தெரிந்தாலும் மாணவன் வாயால் வரட்டும் என்று காத்திருப்பது என் பழக்கம். ஆனால் மே 4 காத்திருக்காது.

தம்பி

*

அரக்கோணம்
27.04.2025

தனிசு,

நான் நன்றாக இருக்கிறேன். இன்று இரண்டு இட்லி சாப்பிட்டேன். மச்சானைப் பற்றி நீ எழுதிய வரியைப் படித்த பிறகுதான் எனக்குப் பசித்தது. கோபம் வந்தால் பசிக்கும் போலிருக்கிறது.

தாளை வெட்டியது அவர் இல்லை. நான்.

எழுபத்தேழு நவம்பர் மழையில்தான் அந்தச் சுவர் முதலில் விரிசல் விட்டது. அடியில் ஊற்று இருக்கிறது. கட்டினவர்கள் அதை மூடிவிட்டுக் கட்டியிருக்கிறார்கள். எஸ்டேட் இன்ஜினியர் வந்து கண்ணாடி ஒட்டினார். "இது ஒடஞ்சா புள்ளைங்களை வெளியேத்திடுங்க" என்றார். ஜனவரி 30 அன்று உடைந்தது. மச்சான் அன்றே ஒளிக்காமல் லாக் புக்கில் எழுதினார். எட்டாம் வகுப்பை மூட வேண்டும் என்றும் எழுதினார். ஆனால் பிப்ரவரி 9-ஆம் தேதி உயர்நிலைப் பள்ளி அங்கீகாரத்துக்கு அதிகாரி வருகிறார். புத்தகத்தைப் பார்த்தால் அங்கீகாரம் போச்சு.

"போனாப் போகுதுங்களா?" என்று கேட்டேன்.

"போனாப் போகட்டும் புஷ்பம். செவுத்தை விடவா?" என்றார்.

அவருக்கு அது சுவர். எனக்கு எட்டாம் வகுப்பில் பதினேழு பெண்கள். ஒன்பதாவது இல்லையென்றால் பசங்களைச் சேலத்துக்கு அனுப்புவார்கள். பெண்களை? மறுநாளே காப்பித் தோட்டத்துக்குக் கூடையோடு அனுப்பிவிடுவார்கள். முந்தின வருஷம் அப்படிப் போன பெண்களில் ஒருத்தி தெருவில் என்னைப் பார்த்ததும் கூடையைத் தலையிலிருந்து இறக்கி முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அது எனக்கு மறக்கவில்லை.

எட்டாம் தேதி சாயங்காலம் அவர் அதிகாரிக்கு ஜீப் சொல்ல பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு போனார். அலமாரிச் சாவி சட்டையில்.

மறுநாள் அதிகாரிக்கு முன்னால் புத்தகத்தைப் பிரித்தார். கை நின்றது. வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்தைத் திருப்பினார். சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று மாலை எட்டாம் வகுப்பு பெஞ்சுகளைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளிப் போட்டார். இரண்டடி என்ன கணக்கு என்று நானும் கேட்கவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்குச் சுண்ணாம்பு வாங்கி வந்து அடிக்கிற மட்டை ஒன்றை என் கையில் கொடுத்தார். "புடி" என்றார். அவ்வளவுதான்.

ஒவ்வொரு மழையிலும் என் காது அந்தச் சுவர்ப் பக்கம்தான் இருக்கும். இன்றைக்குக் காது கேட்காதது ஒரு வகையில் நிம்மதி.

இரண்டு தாளும் இந்தக் கவருக்குள்ளே இருக்கின்றன. கூட்டத்தில் வாசி. வெட்டியது யார் என்றும் சொல். அவர் மேல் விழவிடாதே. இடித்தார்கள் என்றால், அந்தச் சுவர் எப்படி விழுந்தது என்று எனக்கு எழுத வேண்டும். மறைக்காதே.

அக்கா

*

ஏற்காடு
07.05.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கையெழுத்து நடுங்கவில்லை. அதைக் கண்டதும் உடம்பு தேறிவிட்டதென்று தெரிந்துகொண்டேன்.

கூட்டத்துக்கு நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். எல்லோரும் என் பக்கம். கோவிந்தராஜ் எனக்கு மாலையே வாங்கி வைத்திருந்தான். நான் எழுந்து, "என் வரலாறு தப்பு, விரிசல் பழையது" என்று சொல்லிவிட்டு மச்சான் எழுதியதை வாசித்தேன். பிறகு ஒரே கூச்சல். "எங்க கையெழுத்தை வாங்கிட்டுப் பல்டி அடிக்கறீங்களா?" என்றார் ஒருவர். கோவிந்தராஜ் மாலையைப் பைக்குள் திணித்தான்.

பழனியம்மாள் எழுந்தாள். சுற்றிலும் பார்த்தாள்.

"அன்னைக்கு இந்தப் பேப்பரு ஆபீசர் கையில சிக்கியிருந்தா, நான் எட்டாவதோட காப்பித் தோட்டத்துக்குக் கூடை தூக்கிட்டுப் போயிருப்பேனுங்க. அதை மறைச்சவங்க நல்லா இருக்கோணும். ஆனா எம் பேத்திய அந்தச் செவுத்துக்கடியில உக்கார வெக்க மாட்டேன். ரெண்டும் எனக்குத் தெரியுமுங்க. இடிங்க."

இடிப்பதென்று முடிவாயிற்று.

அப்போது நான் ஒன்று கேட்டேன். அதே மனையில் மேற்குப் பக்கமாகப் புதுப் பள்ளி எழும்ப வேண்டும், ஒரு அடிகூட வேறு எதற்கும் போகக்கூடாது, தீர்மானமாக எழுதுங்கள் என்றேன். ஆண்டனி ராஜ் போனைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். "அதை அப்புறம் பேசிக்கலாமுங்க சார்" என்றான். விரிசல் விஷயத்தில் அவன் சொன்னது நிஜம். டேப் வைத்து அளந்ததும் நிஜம். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம் என்று இந்த வயதில் கற்றேன். கடைசியில் பேனா இல்லை என்றான். என் பேனாவைக் கொடுத்தேன். கையெழுத்து வாங்கிய பிறகுதான் உட்கார்ந்தேன்.

தம்பி

*

ஏற்காடு
15.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஷெர்லின் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பிவிட்டார்களா? இங்கேயும் திறந்தாயிற்று. வேறு இடத்தில் ஓட்டுக் கட்டடம் ஒன்று கிடைத்தது. சௌமியாவுக்கு இப்போது வாத்தியார் பேசுவது கேட்கிறதாம்.

இந்தக் கடிதத்தை ஒரு வாரமாக எழுதாமல் வைத்திருந்தேன். நீங்கள் மறைக்காதே என்றதால் எழுதுகிறேன்.

மேற்குச் சுவரை இடிக்கப் பொக்லைனுக்கு இரண்டு நாள் ஆயிற்று. கல் கல்லாகத்தான் வந்தது. மூன்றாம் நாள் காலை பத்தரைக்கு வண்டியைக் கிழக்குப் பக்கம் திருப்பினார்கள். அதன் கை இன்னும் சுவரைத் தொடவில்லை. இன்ஜின் அதிர்ந்ததுதான். சுவர் அடியில் ஒரு முறை முனகிற்று, பிறகு முழுசாக, ஒரே பலகையாக, உள்பக்கம் சாய்ந்து விழுந்தது. பெஞ்சு போடும் இடம் வரை விழுந்தது. இரண்டடிக்கும் அப்பால். கீழே தண்ணீர் நின்றது.

இன்னொன்றும் உங்களிடம் மறைத்தேன். கூட்டத்தில் ஆண்டனி ராஜ், "தாளை வெட்டுனது யாருங்க சார்?" என்று கேட்டான். தெரியாது என்றேன். "அப்ப எச்.எம். ஏசுராஜ் சாரேதான்" என்றான். நான் மறுத்துப் பேசவில்லை. இறந்தவருக்கு இனி என்ன, உயிரோடு இருக்கிற உங்கள் பெயர் கெடக்கூடாது என்று நினைத்தேன். வரலாற்றிலும் "காரணம் தெரியாமல் காணாமல் போன தாள்கள்" என்றே எழுதியிருக்கிறேன். அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது.

திட்டுவதானாலும் கடிதத்திலேயே திட்டுங்கள்.

தம்பி

*

அரக்கோணம்
30.06.2025

தம்பி தனிசுக்கு,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் எதுவும் செய்யவில்லை. மூன்றாம் நாள் ஷெர்லினோடு உட்கார்ந்து வருஷத்துக்கு எத்தனை பிள்ளைகள் என்று கணக்குப் போட்டேன். எழுபத்தெட்டிலிருந்து போன டிசம்பர் வரை. ஆயிரத்து எழுநூறுக்கு மேல் வந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். பழனியம்மாள் சொன்னதை நினைத்துக்கொண்டேன். அது எனக்கு ஆறுதல்தான். ஆனால் சுவர் பெஞ்சு வரை விழுந்தது என்பதை அது அழிக்காது. இரண்டையும் வைத்துக்கொள்கிறேன்.

உன் மேல் கோபம் இருக்கிறது. என் பெயரைக் காப்பாற்ற அவர் பெயரைக் கொடுத்தாய். நான் நாற்பத்தேழு வருஷம் செய்ததும் இதுதான், அதனால் அதிகம் திட்ட மாட்டேன்.

கீழே எழுதியிருப்பதை 1978-ஆம் வருஷத்துக்கு உரிய இடத்தில் அப்படியே அச்சிடு. நீ மறுபடியும் மெழுகிவிடுவாய் என்று எனக்குச் சந்தேகம். அதனால் இதன் பிரதியைப் பதிவுத் தபாலில் ஆண்டனி ராஜுக்கும் பழனியம்மாளுக்கும் சனிக்கிழமையே அனுப்பிவிட்டேன். இனி நீ மறைக்க ஒன்றுமில்லை.

உன் மூச்சைப் பார்த்துக்கொள். மழை தொடங்கினால் குடை இல்லாமல் பஜாருக்குப் போகாதே.

"1978 ஜனவரி 30 அன்று கிழக்குச் சுவர் நகர்ந்தது. தலைமையாசிரியர் ஏசுராஜ் அதை உள்ளபடி எழுதினார். அந்தத் தாள்களைப் பிப்ரவரி 8 அன்று அவருக்குத் தெரியாமல் வெட்டி எடுத்தவள் நான். அதனால் ஒன்பதாம் வகுப்பு வந்தது. அதனால் பிள்ளைகள் நாற்பத்தேழு ஆண்டுகள் ஆபத்தில் இருந்தார்கள். இரண்டுக்கும் பொறுப்பு என்னுடையது.

இப்படிக்கு,
ஏ. மரியபுஷ்பம்
எட்டாம் வகுப்பு ஆசிரியை."